கடன் வாங்கிய இருட்டு

என் பெயர் சுன்னிவா.
சூரியனின் கொடை என்று பொருள்.
அம்மாவைக் குறை சொல்ல முடியாது.
அன்றைக்கு எனக்கு மூன்று நாள் வயது,
துரோம்சோவில் நடுப்பகலிலும் தெருவிளக்கு எரியும் மாதம்.
சூரியனும் நானும்
இன்னும் சந்தித்திருக்கவில்லை.

சந்தித்தது நாலு வயதில், சறுக்குவண்டியில்.
கால் மணி நேரம் இருக்கும்.
இரவெல்லாம் கைகளை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு
அலறினேனாம்.
தோலில் ஒரு கீறல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.
"எங்கே வலிக்கிறது, காட்டு" என்றார் டாக்டர்.
காட்டினேன்.
அங்கே ஒரு கை இருந்தது.

முப்பத்தொரு வருடம் அப்படித்தான்.
பள்ளியில் சோம்பேறி,
கட்டியவன் வீட்டில் நாடகக்காரி.
நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று
சொல்லிவிட்டுப் போகலாம்.
ஜன்னல் தாண்டிக் கைக்குட்டை அளவு வெயில் விழுந்தாலும்
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு
அதில் புதிதாக என்ன தெரிய வேண்டும்?

பிறகு ஒருநாள் நோய்க்குப் பெயர் கிடைத்தது.
இரத்தத்தில் பிசகு, லட்சத்தில் ஒருவருக்கு.
எங்கள் ஊரில் எழுபத்தைந்தாயிரம் பேர்.
கணக்குப்படி இங்கே முக்கால் ஆள்தான் இருக்க வேண்டும்.
அந்த முக்கால் ஆள் நான்.

மீதிக் காலை
பூமியின் மறுமுனையில் கண்டுபிடித்தேன்.
புந்தா அரேனாஸ், கப்பல் பட்டறையில் இரவுக் காவல்,
நோல்பெர்த்தோ பார்ரியா.
முதல்முறை போனில் முகம் தெரிந்தபோது
நலமா என்று கேட்கவில்லை.
"ஈரத்துணியா, தண்ணியா?" என்றார்.
"தண்ணி."
"சரி. மின்விசிறி மட்டும் போடாதே, காற்றும் சுடும்."

காற்றும் சுடும்.
அதை நான் எவரிடமும் சொன்னதே இல்லை.
சொன்னால் மிச்சமிருக்கும் கொஞ்ச நம்பிக்கையும்
போய்விடும் என்று.
போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு
அடுப்படிக்குப் போய் நின்றேன்.
திரும்பி வந்தபோது
அவர் இன்னும் கூரையைப் பார்த்துக் காத்திருந்தார்.

மூன்றாவதாக நஸ்மியே வந்தாள்,
கொன்யாப் பக்கத்துக் கோதுமை ஊர்.
நோய் அவளுக்கில்லை, மகனுக்கு.
எமிர்ஹான், ஏழு வயது.
"என் கைக்குள்ளே யாரோ நடக்கிறாங்க,
ஆணிச்செருப்புப் போட்டுக்கிட்டு" என்றான்.
நானும் நோல்பெர்த்தோவும் ஒன்றும் பேசவில்லை.
நாற்பது வருடமாக நாங்கள் தேடிய வாக்கியம் அது.

சண்டையும் உண்டு.
ஏதோ வேர்ப்பொடி குணமாக்கும் என்றாள் நஸ்மியே.
ஏமாளி என்றார் இவர்.
இரண்டு மாதம் முகம் பார்க்கவில்லை.
பிள்ளைக்குக் குடல்வால் வெடிக்கப்போகிறது,
விடிந்தால் அறுவை என்று
அவள் எனக்கு மட்டும் சொன்ன இரவில்
நான் இவரை எழுப்பினேன்.
கோபத்தின் நடுவில் கிடைத்த முதல் வார்த்தை:
"விளக்கு! மேசைக்கு மேலே இருக்கிற விளக்கு!
மஞ்சள் தாள் ஒட்டச் சொல்லு!"
தாளின் எண்ணை ஒப்பித்தார், மனப்பாடமாக.
அங்கே டாக்டர் சிரித்தாராம்.
படித்துப் பார்த்தாராம்.
அப்புறம் ஒட்டினாராம்.

வேர்ப்பொடியைப் பற்றி
இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்று ஜூன் இருபத்தொன்று, இரவு பதினொரு மணி.
வடக்கே சூரியன் கண்கொட்டாமல் நிற்கிறது.
அலுமினியத் தாள் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் நான்.
நோல்பெர்த்தோவுக்கு மாலை ஆறு, அதற்குள் கும்மிருட்டு.
கடற்கரைத் தெருவில் நடந்தபடியே
போனை வெளிப்பக்கம் திருப்புகிறார்.
திரையில் ஒன்றுமே இல்லை.
நல்ல, கெட்டியான, நனைந்த இருட்டு.
டிசம்பரில் திருப்பித் தந்துவிடுவேன், வட்டியோடு.
"இன்னும் கொஞ்சம் நடங்களேன்" என்கிறேன்.
நடக்கிறார்.
காற்று.
எங்கோ ஒரு நாய் குரைக்கிறது.

தூங்கியிருக்க வேண்டிய எமிர்ஹான் கேட்கிறான்:
"அந்த நாய் என்ன நிறம்?"

எங்களுக்குத் தெரியவில்லை.
நோல்பெர்த்தோ பார்க்கப் போகிறார்.